நெறைய பேர் வாங்குறாங்கம்மா

கடை திறந்து மூன்றாவது வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிவரை நான் விற்றது 14 வெள்ளிக்கு. அரை கிலோ கேழ்வரகு மாவு, ஒரு சின்ன பாக்கெட் பனங்கற்கண்டு, அவ்வளவுதான். கடை வாடகை மாதம் 900 வெள்ளி. மின்சாரம் தனி. மேசைக்கு அடியில் ஒரு சின்ன விசிறியை ஓடவிட்டு, பெரிய விசிறியை நிறுத்தி வைத்திருந்தேன். யாராவது உள்ளே வந்தால் ஓடிப்போய்ப் பெரியதைப் போடுவேன்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார்கள். அறுபத்தைந்து வயது இருக்கும். கையில் அரசாங்க கிளினிக்கில் மருந்து போட்டுத் தரும் பிளாஸ்டிக் பை. அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கருப்பட்டி அடுக்கியிருந்த இடத்தில் நின்றார்கள். ஒரு வட்டை எடுத்து மோந்து பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்:

"தம்பி, இது இனிப்புநீருக்கு நல்லதாமே?"

நான் சொன்னேன்: "இனிப்புநீர் உள்ளவங்க நெறைய பேர் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்கம்மா."

இரண்டு கிலோ வாங்கினார்கள். அன்றைய விற்பனை நான்கு மடங்கானது. இந்தக் கட்டுரை நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

முதலில் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெலுக் இந்தானில், சாய்ந்த கோபுரத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், செக்கு எண்ணெய், கருப்பட்டி, சிறுதானியம், பாரம்பரிய அரிசி விற்கும் கடை. 1885இல் தண்ணீர்த் தொட்டியை உள்ளே வைத்துக் கட்டிய அந்தக் கோபுரத்தைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் படம் எடுப்பார்கள், சீ சியோங் ஃபன் பொட்டலம் வாங்குவார்கள், கிளம்பிவிடுவார்கள். வரகரிசி வாங்க எவரும் தெலுக் இந்தானுக்கு வருவதில்லை. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கோலாலம்பூரில் இப்படிக் கடைகள் ஓடுகின்றன, நம் ஊரில் ஏன் ஓடாது என்ற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே சேமிப்பையெல்லாம் போட்டேன். எஸ்எஸ்எம்மில் 60 வெள்ளி கட்டி வியாபாரப் பெயரைப் பதிந்தேன். நகராண்மைக் கழக லைசென்ஸ், தைஃபாய்டு ஊசி, உணவு கையாளுபவர்களுக்கான வகுப்பு. அந்த வகுப்பில் கையை எப்படிக் கழுவ வேண்டும், நகத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தந்தார்கள். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரமும் கடையில் நல்ல கூட்டம்தான். சித்தப்பா வந்தார், பெரியம்மா வந்தார், பள்ளித் தோழர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், அம்மாவோடு தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். எல்லோரும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு காசை நீட்டினார்கள், மீதியை வாங்க மறுத்தார்கள். "வச்சுக்கப்பா, புதுக் கடை." எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது வியாபாரமில்லை, மொய். கல்யாணத்துக்கு எழுதுகிற மாதிரி கடைக்கு எழுதிவிட்டுப் போனார்கள். மொய் ஒருமுறைதான் வரும். குதிரைவாலியை வாங்கிப்போன சித்தி அதை இன்றுவரை சமைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பொருளுக்காகவே ஒருவர் உள்ளே வந்தால்தான் கடை கடையாகும். அந்த அம்மா என்னைத் தெரிந்து வரவில்லை. போகிற வழியில் பலகையைப் பார்த்து வந்தவர்கள். மூன்று வாரமாக நான் காத்திருந்த ஆள்.

இனி பொருள். கருப்பட்டி என்பது பனையின் பதநீரைக் காய்ச்சி எடுப்பது. பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். இறக்கிய நீரைக் கொதிக்கக் கொதிக்கக் கிண்டி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அதன் மணமும் கசப்பு கலந்த அடித்தித்திப்பும் வெள்ளைச் சீனியில் வராது. கொஞ்சம் கனிமச் சத்து உண்டு. எல்லாம் உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், கரும்புச் சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ். இனிப்புநீர் உள்ள உடம்புக்குள் போனால் அது சீனி செய்வதைத்தான் செய்யும். நம் ஊர் குலா மலாக்காவும் அப்படித்தான், பனைக்குப் பதிலாகத் தென்னை, அவ்வளவே. கடை திறப்பதற்கு முன்பே இதை நான் படித்திருந்தேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை.

2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஐந்து பேருக்கு ஏறக்குறைய ஒருவர். இனவாரியாகப் பார்த்தால் நாம்தான் முன்னால் நிற்கிறோம். இதற்குப் புள்ளிவிவரம் எதற்கு? எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் பாயாசம் வரும்போது எத்தனை கைகள் இலையை மறைக்கின்றன, எத்தனை கைகள் "கொஞ்சூண்டு" என்று விலகுகின்றன என்று பார்த்தாலே போதும். என் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இந்த இலை மறைக்கும் கூட்டம். சீனியை விடச் சொல்லிவிட்டார்கள், வேறு ஏதாவது இனிப்பு இருக்கிறதா என்று தேடி வருகிறவர்கள். சிறப்பு உணவுக் கடை என்று நாம் சொல்லிக்கொள்ளும் இந்த வியாபாரத்தில் பாதி, பயந்த மனிதர்களிடம் நடப்பது.

எனக்குச் சரக்கு அனுப்புகிறவர் போனில் தெளிவாகச் சொன்னார்: "நீங்களா எதுவும் சொல்லாதீங்க தம்பி. அவங்களே சொல்லிக்கிட்டு வருவாங்க. நீங்க மறுக்காம இருந்தா போதும்." நீரிழிவைக் குணப்படுத்தும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. பலகையில் எழுதினால் அதிகாரிகள் வருவார்கள். ஆனால் தலையை ஆட்டினால்? மேசைக்கு இந்தப்பக்கம் நின்று ஒருத்தன் சிரித்தால்? அதற்குச் சட்டம் இல்லை. சரக்கு அனுப்புகிறவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் சொன்னது பொய்யா? அதுவரை விற்ற கருப்பட்டியில் பெரும்பகுதியை இனிப்புநீர் உள்ளவர்கள்தான் வாங்கியிருந்தார்கள். என் வாக்கியத்தை நீதிமன்றத்தில் வைத்துப் பிரித்தாலும் அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதுதான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. பொய் சொல்லியிருந்தால் பொய் சொன்னேன் என்று வருத்தப்பட்டு முடித்திருப்பேன். இவ்வளவு கச்சிதமான ஒரு வாக்கியம், யோசிக்காமல், ஒரு நொடியில், என் வாயிலிருந்து வந்தது. இந்தத் திறமையை நான் எங்கே கற்றேன்?

கடை திறப்பதற்கு முன் நானும் எல்லோரையும் போலத் தத்துவம் படித்தவன்தான். இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரமில்லாத வாடிக்கையாளரிடம்கூட அவர் கூடுதல் விலை சொல்வதில்லை. ஒரு குழந்தை வந்து வாங்கினாலும் அதே விலை. நல்ல மனிதர் என்று நாம் நினைக்கும்போது கான்ட் கேட்கிறார், இவர் ஏன் இப்படி இருக்கிறார்? நேர்மை லாபம் தரும் என்பதனால் நேர்மையாக இருந்தால், செயல் சரியானது, ஆனால் அதற்கு அறமதிப்பு கிடையாது. கல்லூரியில் இதைப் படித்தபோது கான்ட் ரொம்பக் கறார் என்று பட்டது. கடையில் உட்கார்ந்த பிறகு வேறொன்று தோன்றியது. கான்ட்டின் கடைக்காரருக்குக் கூட்டம் இருக்கிறது. ஊரே அவரிடம் வாங்குகிறது. நேர்மை லாபம் தரும் கட்டத்தை அவர் எப்போதோ அடைந்துவிட்டார். மூன்றாவது வாரத்தில், 14 வெள்ளி விற்பனையில், அந்தக் கடைக்காரர் எப்படி இருந்தார் என்று கான்ட் சொல்லவே இல்லை.

அதே கான்ட்டின் வாழ்க்கையில் நடந்த ஒன்று இதைவிட எனக்கு நெருக்கமாக இருக்கிறது. 1794இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் வில்லியமிடமிருந்து, சமயத்தைப் பற்றி இனி இப்படி எழுதக் கூடாது என்று கண்டிப்பான ஆணை வந்தது. கான்ட் பணிந்து பதில் எழுதினார். மாட்சிமை பொருந்திய தங்களின் விசுவாசமான குடிமகனாக, இனி எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். 1797இல் மன்னர் இறந்துபோனார். அடுத்த ஆண்டே கான்ட் சமயத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தை வெளியிட்டு, "தங்களின் குடிமகனாக" என்ற சொல்லைத் தான் வேண்டுமென்றேதான் போட்டதாகவும், அந்த மன்னர் உயிரோடு இருக்கும்வரைக்குமே அது தன்னைக் கட்டுப்படுத்தும் என்றும் விளக்கினார். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று வாதிட்ட மனிதர். ஒரு சொல்லும் பொய்யில்லை. மன்னர் மட்டும் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்.

இதற்குக் கோனிக்ஸ்பெர்க் வரை போக வேண்டியதில்லை. அஸ்வத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை மெல்லச் சொன்ன தருமனைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம். அதுவரை நிலத்தில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவனுடைய தேர் அந்த வாக்கியத்துக்குப் பிறகு தரையில் இறங்கியது. கதையில் எனக்குப் பிடித்தது, தேர் உடைந்துவிடவில்லை என்பது. அது எல்லோருடைய தேரையும் போல ஓடத் தொடங்கியது. போரிலும் ஜெயித்தான்.

ஆனால் மன்னரிடம் கான்ட் செய்ததையும் துரோணரிடம் தருமன் செய்ததையும் என்னுடையதோடு ஒப்பிட முடியாது. அவர்கள் தங்களைவிடப் பலம் வாய்ந்தவர்கள் முன்னால் நின்று அதைச் செய்தார்கள். மருந்துப் பையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே வந்த ஒரு பெண்ணிடம் நான் செய்தேன்.

வள்ளுவரின் வாய்மை அதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அதில் முதல் குறளை எத்தனை பேர் கவனித்துப் படித்திருப்போம் என்று தெரியவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வது வாய்மை என்று அவர் சொல்லவில்லை. யாருக்கும் எந்தத் தீமையும் தராத சொல்லே வாய்மை என்கிறார். அடுத்த குறளில், குற்றமற்ற நன்மை வருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் இருக்கும் என்கிறார். இதை நாம் எப்போதும் பொய்க்கு ஒரு சலுகையாகத்தான் வாசிக்கிறோம். டாக்டர் நோயாளியிடம் சொல்லும் பொய், குழந்தையைத் தூங்கவைக்கும் பொய் என்று உதாரணம் சொல்வார்கள். மறுபக்கத்தை எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த அளவுகோலை வைத்தால், தீமை தருகிற உண்மை வாய்மையிலிருந்து வெளியே போய்விடும். என் வாக்கியம் கான்ட்டிடம் தப்பிக்கலாம். வள்ளுவரிடம் தப்பிக்காது.

நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். சிரித்தான். "அவங்க என்ன சின்னப் பிள்ளையா? முக்குக் கடைத் தவுக்கே சிகரெட் விக்கலயா? கோப்பிக் கடையில தே தாரிக்ல நாலு கரண்டி பால் ஊத்தலயா? நீ மட்டும் என்ன டாக்டரா?" நல்ல கேள்விதான், தள்ளிவிட முடியாது. பெரியவர்கள் தங்களுக்கு வேண்டியதை வாங்குகிறார்கள். எல்லோருடைய உடம்புக்கும் கடைக்காரன் காவல் நிற்க முடியாது. கருப்பட்டியை இனிப்புநீர் உள்ளவர்களுக்கு விற்கவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் இரண்டு கிலோவை எடுத்து மேசையில் வைத்திருந்தால், காசை வாங்கிப் போட்டுவிட்டு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஆனால் அவர்கள் கேட்டார்கள். சிகரெட் வாங்குகிறவன் தவுக்கேயிடம் இது நுரையீரலுக்கு நல்லதா என்று கேட்பதில்லை. கேள்வி ஒன்று வந்து விழுந்ததும் இரண்டு பேருக்கும் நடுவில் பொருளும் காசும் தவிர மூன்றாவதாக ஒன்று வந்துவிடுகிறது. அதுவும் அவர்கள் "தம்பி" என்று கேட்டார்கள். இது சாதாரணமாக வாயில் வருகிற சொல்தான், தெரியும். நம் ஊரில் போலீஸ்காரரும் தம்பி, லாரி ஓட்டுகிறவரும் தம்பி. ஆனாலும் அந்தச் சொல்லை நாம் எதற்காக வைத்திருக்கிறோம்? முன்பின் தெரியாதவனை ஒரு நிமிடம் வீட்டுக்குள் கூப்பிடத்தான். தம்பியிடம் கேட்டார்கள். கடைக்காரன் பதில் சொன்னான். பேச்சில் மட்டும் "அம்மா" என்று தம்பியாகவே இருந்தான்.

கசாப்புக்காரரும் ரொட்டிக்காரரும் கருணையால் நமக்குச் சாப்பாடு தருவதில்லை, தங்கள் நலனுக்காகத்தான் தருகிறார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776இல் எழுதியது சந்தையைப் பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் தெரியும். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன ஊரில் வியாபாரம் நடப்பதே உறவுச் சொல்லின் மேல்தான். என் தாத்தா காலத்துக் கடைகளில் 555 புத்தகத்தில் கடன் எழுதினார்கள். உள்ளங்கை அளவுப் புத்தகம், அதில் பெயர்கூட இருக்காது, "மூணாம் லயம் அக்கா", "பால்மரத்து அண்ணன்" என்றுதான் இருக்கும். அந்த உறவை வைத்துத்தான் கடன் கொடுத்தார்கள், அதே உறவை வைத்துத்தான் கணக்கில் கூட்டியும் எழுதினார்கள். பழைய கடைக்காரர்களெல்லாம் அறத்தோடு இருந்தார்கள், இப்போதுதான் எல்லாம் கெட்டுவிட்டது என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை வாங்கும்போது மிகுதியாக வாங்காதவர்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதவர்கள் என்று புகழ்கிறது. ஒரு ஊரில் எல்லோரும் அப்படி இருந்திருந்தால் அதைச் சொல்லிப் புகழ வேண்டிய தேவை புலவருக்கு ஏன் வந்தது?

அந்த அம்மா ஐந்து வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்தமுறை மூன்று கிலோ வேண்டும், தங்கைக்கும் சேர்த்து. இடைப்பட்ட நாட்களில் இந்த நிமிடத்தை நான் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒத்திகையில் வந்த அழகான வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"அம்மா, இதுவும் சீனி மாதிரிதாம்மா. இனிப்புநீருக்கு நல்லதில்ல. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க."

அவர்கள் கையிலிருந்த வட்டை வைக்கவில்லை. "அப்ப ஏன் போன தடவ சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. வியாபாரம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்களே பேசினார்கள்.

"எனக்குத் தெரியும் தம்பி. கிளினிக்ல மிஸ்ஸி ஒவ்வொரு தடவையும் பேப்பரக் காட்டித் திட்டுறா. சோறு குறை, கோப்பிக்குச் சீனி போடாத, பழம் கூட பாதிதான்னு. வீட்ல மருமக டப்பாவ மேல எடுத்து வச்சிட்டா. யாராவது ஒருத்தர் சாப்பிடலாம்னு சொல்ல மாட்டாங்களான்னுதான் கேட்டேன். நீ சொன்ன."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை என் குற்றத்தை ஏமாற்று என்றே எடைபோட்டுக்கொண்டிருந்தேன். விவரமில்லாத ஒருவரிடம் தவறான தகவலைப் போக விட்டேன் என்று. அவர்களுக்கு விவரம் இருந்தது. அவர்கள் கேட்டது அனுமதி. அனுமதி கொடுக்க எனக்கு என்ன உரிமை? மறுக்க மட்டும் என்ன உரிமை? அறுபத்தைந்து வயதில், தோட்டத்தில் அம்மா ஆற்றித் தந்த கருப்பட்டிக் கோப்பியின் மணத்தை மோந்து பார்க்கிற ஒருவரிடம், இன்னொரு மிஸ்ஸியாக நான் நிற்பதில் என்ன அறம் இருக்கிறது? இதை இன்னமும் என்னால் தீர்க்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. நிஜமான தம்பியாக இருந்தால், "கோப்பிக்கு ஒரு சில்லு போட்டுக்குங்க, ஆனா இது மருந்தில்ல" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். அப்படிச் சொன்னால் கால் கிலோதான் விற்றிருக்கும். இரண்டு கிலோவுக்காக அனுமதியை மட்டும் கொடுத்தேன்.

அன்று அவர்கள் ஒரு பாட்டில் நல்லெண்ணெய் மட்டும் வாங்கினார்கள். எள்ளைச் செக்கில் ஆட்டும்போது எண்ணெய் பிரிந்து வர அதிலும் கருப்பட்டி போடுவார்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மறுநாள் ஒரு அட்டையில் "கருப்பட்டியும் சர்க்கரைதான். இனிப்புநீர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கவும்" என்று எழுதி அலமாரியில் ஒட்டினேன். மனம் லேசானது. நான்கு நாள்கூட நிலைக்கவில்லை. யாரோ அதைப் படம் எடுத்து, "இப்படி ஒரு நேர்மையான கடை" என்று போட, சித்தியவானிலிருந்தும் பீடோரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்த வாரம்தான் முதன்முதலில் வாடகைப் பணம் மொத்தமாகக் கையில் சேர்ந்தது. நண்பன் போன் செய்து, "மார்க்கெட்டிங் செம்ம மச்சான்" என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே பாராட்டினான். மறுவாரம் வேறொரு பொருளுக்கும் இப்படி ஒரு அட்டை எழுதலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான் கான்ட் ஞாபகத்துக்கு வந்தார். இரண்டாவது அட்டையை எழுதவில்லை. முதல் அட்டையைக் கிழிக்கவும் இல்லை. யார் லாபத்துக்காக ஒட்டியதாக இருந்தாலும் அதில் எழுதியிருப்பது ஒருவருக்காவது பயன்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதை ஒட்டிய அன்று எனக்குள் என்ன இருந்தது என்பதை இனி யாராலும், என்னாலும், பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த அம்மா பிறகு கடைக்கு வரவில்லை. போன மாதம் பாசார் மாலாமில் பார்த்தேன். எண்ணெய், தேன், மூலிகைத்தூள் விற்கும் ஒரு மேசை முன்னால் நின்றிருந்தார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த பையன் மைக்கில் இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி என்று அடுக்கிக்கொண்டிருந்தான். அவர்கள் கையில் ஒரு கருப்பட்டிப் பாக்கெட். என்னைப் பார்த்ததும் அதை மெல்ல முந்தானைக்குள் கொண்டுபோனார்கள். நான் பக்கத்துக் கடையில் சட்டை விலை பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.